முடி கொட்டாத நாய்

வேணாம்மா. என்னைக் கேட்டீங்கன்னா வேணவே வேணாம்பேன். பாக்க பொம்மை மாதிரி இருக்குன்னு நீங்க சொல்றது சரிதான், நான் இல்லேங்கல. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. லிப்டுல சொல்றாங்க, ரோட்டுல நிறுத்திச் சொல்றாங்க, போன மாசம் ஒரு ஆளு பைக்க ஓரங்கட்டி, ஹெல்மெட்டக் கழட்டிட்டு வந்து சொல்லிட்டுப் போனான். சொல்றதுக்கென்ன, வாய்தானே. தினம் இவனுக்குக் காது குடைஞ்சு விடறது யாரு? நான்.

இல்லல்ல, கடிக்க மாட்டான். கூடையக் கீழயே வைங்க. பூனைன்னா இவனுக்கு ஒரு மரியாதை. எனக்குத்தான் ஆகாது. தப்பா நினைச்சுக்காதீங்க, உங்க பூனை மூடி போட்ட கூடைக்குள்ள இருக்கு, அதுக்கே எனக்கு மூக்கு அரிக்க ஆரம்பிச்சுடுச்சு. பரவாயில்ல, உக்காருங்க. வேற எங்க உக்காருவீங்க, இருக்கறதே ரெண்டு பெஞ்சு.

இவனுக்கா? சாப்பிட மாட்டேங்கறான். நாலு நாளாச்சு. தண்ணி மட்டும் குடிக்கறான், அதுவும் ஏதோ எனக்கு உபகாரம் பண்ற மாதிரி. உள்ள டாக்டர்கிட்ட ஒரு பெரிய நாய் போயிருக்கு, நாலு பேரு தூக்கிட்டுப் போனாங்க, இப்போதைக்கு வராது. அடுத்தது நான், அப்புறம் நீங்க.

உங்க பசங்க இவன மாதிரி பூடில்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்கன்னு சொன்னீங்கல்ல. சொல்றேன் கேளுங்க. எங்க வீட்லயும் இப்படித்தான் ஆரம்பிச்சுது.

எங்க வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். முப்பத்திநாலு வருஷம் ஊர்ல இருக்கற லிப்ட எல்லாம் ஏத்தி எறக்கிட்டு ரிட்டையர் ஆனாரு. ரிட்டையர் ஆன மறுவாரமே ஆரம்பிச்சாரு. வாஷிங் மெஷின் சத்தம் சரியில்லன்னு கழட்டினாரு. அது நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு. திரும்பி மாட்டினப்ப நாலு திருகு மிச்சம். கேட்டா, கம்பெனிக்காரன் அதிகமா போட்டிருக்கான்னாரு. நான் கண்ணாடிக் கடையில வேலை. மூக்குக் கண்ணாடி. லென்ஸ் தேச்சு பிரேமுல மாட்டிக் குடுக்கறது. காலைல ஒம்போதுலேருந்து நின்னுக்கிட்டே பாக்கற வேலை. வீட்டுக்கு வந்தா ஒரு நாள் வாசக்கதவுல தாழ்ப்பாளே இல்ல. கழட்டி எண்ணெயில ஊறப்போட்டிருக்காரு மனுஷன்!

எங்க பையன்தான் சொன்னான், அம்மா, அப்பாவுக்கு ஏதாவது ஒரு உசுருள்ள ஜீவனை வாங்கிக் குடு, கழட்ட முடியாத மாதிரின்னு. நாய் வாங்கலாம்னான். எனக்குத் தும்மல் வரும்டான்னேன். பூடிலுக்கு முடி கொட்டாதும்மான்னு போன்ல படம் படமாக் காட்டினான். முடி கொட்டாத நாய். அந்த ஒரு வார்த்தையில விழுந்தேன் பாருங்க, இன்னும் எந்திரிக்கல.

வாங்கறதுன்னா கடைல வாங்காதீங்க, அது மட்டும் சொல்லிடறேன். நாங்க ஊருக்கு வெளிய ஒரு அம்மா வீட்லயே வளத்துக் குடுப்பாங்க, அவங்ககிட்ட போனோம். அதுல பெரிசு, நடு, சிறுசு, பொடிசுன்னு இருக்கு. நான் பொடிசு கேட்டேன். எனக்கு என்ன, கைப்பையில போட்டுட்டுப் போற சைசுல இருந்தா நல்லதுதானே. அந்தம்மா ஒரே வார்த்தையில முடியாதுன்னுட்டாங்க. சோபாலேருந்து குதிச்சாலே கால் ஒடியும், பல்லு சீக்கிரம் கொட்டும், உங்க வீட்டுக்காரர் மிதிச்சுட்டாருன்னா என்ன பண்ணுவீங்க, நடு சைசு எடுங்கன்னாங்க. தாய் நாயைக் காட்டினாங்க. அதுக்குக் கண் பரிசோதனை பண்ணின சீட்டு வேற இருந்துச்சு. நாய்க்குக் கண் டெஸ்டான்னு கேட்டேன். இந்த ஜாதிக்குக் கண்ணுல வியாதி வரும், தாய் தகப்பன் கண்ணைப் பாக்காம குட்டி எடுக்காதீங்கன்னாங்க. எனக்கு அந்தம்மா மேல அப்பவே மதிப்பு வந்துடுச்சு. எங்க கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இந்தப் புத்தி கிடையாது.

அஞ்சு குட்டி. ஒண்ணு ஓடி வந்து என் செருப்புவாரைப் பிடிச்சுத் தொங்குச்சு. ஒண்ணு தாய்க்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு வரவே இல்ல. எங்க வீட்டுக்காரர் அந்த ஒளிஞ்சத எடுக்கலாம், பாவமா இருக்குன்னாரு. அந்தம்மா, பாவம் பாத்து நாய் எடுக்காதீங்க, அது வளந்தும் பயந்துக்கிட்டேதான் இருக்கும், பயந்த நாய்தான் கடிக்கும்னாங்க. குதிக்கறதும் வேணாம், ஒளியறதும் வேணாம், அந்தா நடுவுல நின்னு உங்களையே பாத்துட்டு யோசிச்சு யோசிச்சு வருது பாருங்க, அதை எடுங்கன்னாங்க. அதான் இவன். வந்து எங்க வீட்டுக்காரர் முன்னாடி உக்காந்து, கால்லேருந்து தலை வரைக்கும் ஒரு பார்வை பாத்தான். காது ரெண்டும் தொங்கி, ஜட்ஜுங்க போட்டுக்கற டோப்பா மாதிரி இருந்துச்சு. பையன் அப்பவே ஜட்ஜுன்னு பேரு வெச்சுட்டான்.

குளிப்பாட்டறது நான்னு அவரு. சீவறது நான்னு பையன். எனக்கு ஒரு வேலையும் இல்லியாம், கொஞ்சினா மட்டும் போதுமாம். மூணு வாரம் நடந்துச்சு இந்த ராஜாங்கம். நாலாவது வாரம் பையனுக்கு வேலைல ஷிப்ட் மாறிடுச்சு, அவருக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. சீப்பு என் கைக்கு வந்துச்சு. மூணு வருஷமா என் கையிலதான் இருக்கு.

முடி கொட்டாதுங்கறது உண்மைதான்மா. கொட்டாத முடி எங்க போகும்னு யாராவது சொன்னாங்களா? எங்கயும் போகாது. அங்கயே கெடக்கும். புது முடி வந்து பழசோட பின்னிக்கும். மேலாப்புல சீவினா பட்டு மாதிரி இருக்கும், விரல உள்ள விட்டா அடில கம்பளி மாதிரி திரிஞ்சு போயி தோலோட ஒட்டிக்கிட்டு இருக்கும். பாகம் பாகமாப் பிரிச்சு, தோல் தெரியற வரைக்கும் சீவணும். தினம். ரெண்டு நாள் விட்டீங்கன்னா மூணாவது நாள் சீப்பு எறங்காது. இழுத்தா அவனுக்கு வலிக்கும், அவன் என்னை ஒரு பார்வை பாப்பான், எனக்கு அழுகையா வரும். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை முடி வெட்டணும். என் தலைக்கு நான் வருஷத்துக்கு ரெண்டு தடவை போனா அதிகம். காதுக்குள்ளயும் முடி வளரும், ஈரம் தங்கும், நாத்தம் வரும். பல்லு விளக்கணும். ஆமாம்மா, நாய்க்குத்தான். அதுக்குன்னு தனியா பேஸ்ட் இருக்கு. காலைல நான் பஸ்ஸுக்கு ஓடற அவசரத்துல ஒரு கையில என் பிரஷ்ஷு, ஒரு கையில அவன் பிரஷ்ஷு. ஒரு நாள் மாத்தி வாயில வெச்சுட்டேன். சிரிக்காதீங்க.

அறிவா? அதைச் சொல்லுங்க. அறிவு கம்மியான நாயா இருந்தா வளத்துடலாம்மா. இது எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கும். பிரிட்ஜு கைப்பிடில ஒரு துண்டு தொங்க விட்டிருந்தேன். அதைப் பல்லால இழுத்தா கதவு தொறக்கும்னு ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சுட்டான். துண்டை எடுத்துட்டேன். அப்புறம் எங்க வீட்டுக்காரர் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி பிரிட்ஜு முன்னாடி நிறுத்தினான். நான் சரிப்படுத்தறதுக்குன்னு வீட்டுக்குக் கொண்டு வந்த பிரேமு, ஒரு வாத்தியாரோடது, அதைத் தூக்கிட்டுப் போயி கட்டிலுக்கு அடில வெச்சு, கடிக்கல, சும்மா வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். என்னைக் கீழ குனிய வைக்கணும், அவ்வளவுதான் அவனுக்கு. தனியா விட்டா ஊளை. கீழ் வீட்ல ஒரு நர்ஸம்மா, ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டுப் பகல்ல தூங்கறவங்க. மூணு தடவை மேல வந்து, வாயே தொறக்காம நின்னுட்டுப் போனாங்க. திட்டியிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

அப்ப எங்க வீட்டுக்காரர் என்னதான் பண்ணினாருன்னு கேக்கறீங்க. நடப்பாரு. அது ஒண்ணு மட்டும் பண்ணினாரு. இந்த நாய்க்கு தினம் ஒரு மணி நேரமாவது நடக்கணும், இல்லேன்னா அந்த மூளை வீட்டுக்குள்ளயே வேலை செய்யும். சாயங்காலம் அஞ்சரை ஆனா கயிற எடுப்பாரு, ரெண்டு பேரும் கிளம்பிடுவாங்க. முதல்ல அரை மணி நேரத்துல வந்துடுவாரு. அப்புறம் ஒரு மணி ஆச்சு. அப்புறம் ஒண்ணே முக்கால் மணி நேரம். நான் கடைலேருந்து வந்து காலை நீட்டி உக்காந்து அரை மணி ஆனப்புறம்தான் வருவாரு. எனக்கு அதுல வருத்தமில்ல. சந்தோஷம்னே சொல்லணும். வீட்ல எதையும் கழட்டறது நின்னுச்சு. மனுஷன் முகத்துல ஒரு தெளிவு. புதுசா ஷூ வாங்கினாரு. வர்றப்ப ஏதாவது ஒரு பாட்ட முணுமுணுத்துக்கிட்டே வருவாரு. பரவாயில்லடா ஜட்ஜு, ஒரு ஆளயாவது உருப்பட வெச்சன்னு நானே சொல்லியிருக்கேன்.

போன வாரம் அவருக்குக் கால் சுளுக்கிக்கிச்சு. பாத்ரூம்ல வழுக்கிட்டாரு. பெருசா ஒண்ணுமில்ல, வீங்கியிருந்துச்சு, நாலு நாள் நடக்கக் கூடாதுன்னுட்டாங்க. அன்னைக்கு எனக்குக் கடை லீவு. அஞ்சரை ஆச்சு, இவன் கயிற வாயில கவ்விட்டு வந்து நிக்கறான். சரி, நான் கூட்டிட்டுப் போறேன்னேன். அவரு படுக்கையிலேருந்து சடக்குன்னு எந்திரிச்சு உக்காந்தாரு. வேணாம், கீழ ஒரு ரவுண்டு சுத்திட்டு வா போதும்னாரு. ஏன்னேன். பாலத்தைத் தாண்டிப் போகாத, அந்தப் பக்கம் தெரு நாய் ஜாஸ்தின்னாரு. நாய் என்ன, புலியே இருந்தாலும் இவனை நடக்க வெச்சாத்தானே எனக்குத் தூக்கம் வரும்? கிளம்பிட்டேன்.

நான் எங்க கூட்டிட்டுப் போனேன், அவன்தான் என்னைக் கூட்டிட்டுப் போனான். பாலம் தாண்டினான். ஒரு தெரு நாயும் இல்ல. சைக்கிள் கடை வந்துச்சு, திரும்பினான். துணி தேய்க்கற கடை வந்துச்சு, அந்த ஆளு பெட்டியை வெச்சுட்டு, என்ன ஜட்ஜு, இன்னைக்கு அய்யா வரலியான்னு கேக்கறான். எனக்குத் தெரியாத ஆளு இவன் பேரைச் சொல்றான்! அப்புறம் ஒரு சந்து, ஒரு பழைய மாடி வீடு. லிப்ட் கிடையாது. மூணாவது மாடி வரைக்கும் என்னை இழுத்துட்டு ஏறினான். எனக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது. ஒரு நீலக் கதவு முன்னாடி போயி உக்காந்தான். குலைக்கல. முன்னங்காலால ஒரு தட்டு. நம்ம வீட்டுக் கதவைக்கூட அவன் அப்படித் தட்டினதில்ல.

கதவு தொறந்துச்சு. ஒரு பொண்ணு. ஈரக் கையைத் துணியில துடைச்சுக்கிட்டே தொறந்தா. அப்பான்னு பாதி சொல்லிட்டா, என்னைப் பாத்ததும் நிறுத்திட்டா. அவ காலுக்குப் பின்னாலேருந்து ஒரு குழந்தை வந்துச்சு. ஒன்றரை வயசு இருக்கும், அவ்வளவுதான். இன்னும் கெட்டியா நடக்க வரல. ஆது, ஆதுன்னுச்சு. இவன் சுருள் முடியப் பாத்து ஆடுன்னு நினைச்சிருக்கு. இவன் கழுத்து முடிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. நான் சீப்பால தொட்டா முகத்தைச் சுளிக்கற நாயி, அசையாம நிக்கறான், குழந்தை விழுந்துடக் கூடாதுன்னு. கதவுக்கு உள்ள, சுவரோரமா, இவனுக்குன்னு ஒரு கிண்ணத்துல தண்ணி.

நான் என்ன சொன்னேனா? வீடு மாறி வந்துட்டேன்னு சொன்னேன். அதுதான் வாயில வந்துச்சு. வீடு மாறி வந்துட்டேம்மா, மன்னிச்சுக்கோங்கன்னேன். அவ குழந்தையோட கைய மெதுவா, ஒவ்வொரு விரலா எடுத்துவிட்டா. குழந்தை அழ ஆரம்பிச்சுது. இவன் நகர மாட்டேங்கறான். பாறாங்கல்லு மாதிரி உக்காந்துட்டான். பதினோரு கிலோம்மா. மூணு மாடியும் தூக்கிக்கிட்டே எறங்கினேன். எறங்கற வரைக்கும் அந்த அழுகை கேட்டுச்சு.

வீட்டுக்கு வந்து கேட்டேன், எத்தனை நாளா நடக்குதுன்னு. குழந்தை பொறந்ததுலேருந்துன்னாரு. அவ்வளவுதான், சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டாரு. பையன்கிட்ட கேட்டா அவன் பேய்முழி முழிக்கறான். அவனுக்கும் தெரியும். சைக்கிள் கடைக்காரனுக்குத் தெரியும், துணி தேய்க்கறவனுக்குத் தெரியும், நாய்க்குத் தெரியும். ஊருக்கெல்லாம் கண்ணு தெரியறதுக்கு நான் லென்ஸ் மாட்டி விடறேன், என் வீட்ல நடக்கறது எனக்கும் சுவத்துக்கும்தான் தெரியல. வந்துச்சு பாருங்க கோவம். கயித்தை எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டினேன். கீழ ரெண்டு சுத்து, அதுவும் பழைய கயித்துல, அதுக்கு மேல எவனும் இவனைக் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னேன். இன்னைக்குத்தான் டாக்டர்கிட்ட வர்றதுக்குன்னு கயித்த வெளிய எடுத்தேன். அவரு சாப்பிடறாரு, பேசறதில்ல. இவன் சாப்பிடறதும் இல்ல. அஞ்சரை ஆனா கதவு முன்னாடி போயி உக்காந்துக்கறான். நர்ஸம்மா மேல வந்து இவன் ஏன் இப்பல்லாம் சத்தமே போடறதில்லன்னு கேக்கறாங்க. அவங்களுக்கே தூக்கம் வரலியாம்.

என்ன பாக்கறீங்க? ச்சே ச்சே. உங்க மூஞ்சிலயே தெரியுது நீங்க எங்க போறீங்கன்னு. அந்த மாதிரி மனுஷன் இல்லம்மா அவரு. அப்படி ஏதாவது இருந்திருந்தாலாவது நாலு பேர்கிட்ட சொல்லி அழுதிருப்பேன். எல்லாரும் என் பக்கம் பேசியிருப்பாங்க.

அது எங்க பொண்ணுதான். மூத்தவ.

ஆறு வருஷம் கழிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன். கட்டிக் குடுத்த இடத்துலேருந்து ஒரு நாள் மத்தியானம் பொட்டியோட வந்து நின்னா. அவரு வேலைக்குப் போயிருந்தாரு, பையன் படிக்கப் போயிருந்தான், நான்தான் கதவத் தொறந்தேன். அம்மா, உள்ள வரட்டுமான்னு கேட்டா. அவ வீட்டுக்கு வர்றதுக்கு அவ கேக்கணுமா? ஆனா கேட்டா. நான் சொன்னேன், வீடு மாறி வந்துட்ட, உன் வீடு அங்க இருக்குன்னேன். சொல்லிட்டுக் கதவச் சாத்தினேன். புத்தி சொல்றேன்னுதான் நினைச்சேன். ரெண்டு நாள்ல அங்கயே திரும்பிப் போயி சேந்துடுவான்னு. அவ அங்க போகல. நானும் தேடல. முதல்ல கோவம், அப்புறம் வீம்பு, அப்புறம் எப்படிப் போயி நிக்கறதுன்னு வெக்கம். வருஷம் அது பாட்டுக்கு ஓடிடுதும்மா. இப்ப யாரோட இருக்கா, எப்படி இருக்கா, ஒண்ணும் தெரியாது. வாசல்ல ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு கெடந்துச்சு. தேஞ்ச செருப்பு. நல்லாத்தான் வேலை பாக்கறவனா இருக்கணும். அவர்கிட்ட கேட்டா சொல்லுவாரு. கேக்க வாய் வரல.

என்ன, எங்களையா கூப்பிடறாங்க? அந்தப் பெரிய நாய் வெளிய வந்துடுச்சா? இருங்க... இல்லம்மா, நீங்க போங்க. எனக்குப் பதிலா நீங்க போங்க, பரவாயில்ல. டாக்டர் இவன் வயித்தை அமுக்கிப் பாப்பாரு, நாக்கப் பாப்பாரு, வீட்ல ஏதாவது மாறியிருக்கான்னு கேப்பாரு. நான் என்னன்னு சொல்றது?

மணி என்ன? அஞ்சேகாலா. எந்திரிடா. பாருங்க, நாலு நாளா எதுக்கும் எந்திரிக்காதவன், இதுக்கு எந்திரிக்கறான்.

போயி என்ன சொல்லுவேனா? தெரியலம்மா. உள்ள வரட்டுமான்னு கேக்கணும். நான் வேற என்ன கேக்க முடியும்? அவ உடனே சொல்லணும்னு இல்ல. யோசிச்சுச் சொல்லட்டும். அது வரைக்கும் வெளிய நிக்கறேன்.